பாஸ்வேர்டு வேறு, பாஸ்போர்ட் எண் வேறு: ஒரு லாட்ஜ் மென்பொருளை வைத்துப் பழகுவோம்

வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள சந்துகளில் பழைய லாட்ஜ் ஒன்றுக்குள் நுழைந்து பாருங்கள். மேசைக்குப் பின்னால் ஒரு பலகை, வரிசையாக ஆணி, ஆணிக்கு ஒரு சாவி, சாவியில் அறை எண். நான் எழுதிய முதல் லாட்ஜ் மென்பொருளும் அந்தப் பலகை மாதிரிதான் இருந்தது. என்கிரிப்ஷன் சாவி, அதாவது தகவலைப் பூட்டவும் திறக்கவும் வேண்டிய ரகசியக் குறியீடு, நிரலுக்குள்ளேயே, டேட்டாபேஸும் அதே ஃபோல்டரில். இரவுதோறும் ஃபோல்டர் மொத்தமும் ஒரு பென் டிரைவுக்குப் போகும். பென் டிரைவ் மேசை டிராயரில் கிடக்கும்.

அதைத் திருத்தி எழுதிய வழியைத்தான் இங்கே சொல்கிறேன்.

படி 1: திரும்பப் படிக்க வேண்டுமா?

ஒவ்வொரு தகவலிடமும் இதைக் கேளுங்கள். ஊழியரின் பாஸ்வேர்டைத் திரும்பப் படிக்கும் தேவை யாருக்கும் இல்லை, சரியா தப்பா என்று தெரிந்தால் போதும். அதற்கு ஹேஷ், அதாவது திரும்பப் படிக்க முடியாதபடி உருமாற்றும் முறை. பாஸ்போர்ட் எண் அப்படியில்லை. வங்கதேசத்திலிருந்து சிகிச்சைக்கு வருபவர் தங்கினால் அவர் விவரத்தை அரசுக்கு 24 மணி நேரத்துக்குள் அனுப்பியாக வேண்டும், எண்ணை அப்படியே எடுத்துத் தர வேண்டும். அதற்கு என்கிரிப்ஷன்.

மேனேஜர் ஒருமுறை பாஸ்வேர்டை மறந்துவிட்டுக் கேட்டார்: "இன்னா தம்பி, நீ எழுதின சாஃப்ட்வேர்ல நீயே பார்த்துச் சொல்ல முடியாதா?" "முடியாதுண்ணா, புதுசா ஒண்ணு வச்சுக்கலாம்" என்றேன். முடியக் கூடாது. முடிந்தால் உங்கள் மென்பொருளில் ஓட்டை இருக்கிறது.

படி 2: பாஸ்வேர்டை ஹேஷ் செய்தல்

எம்டி5, எஸ்எச்ஏ-256 என்ற ஹேஷ் முறைகள் இரண்டும் இந்த வேலைக்கு வேண்டாம். அவை வேகத்துக்காகச் செய்யப்பட்டவை. ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்குக் கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்த்துவிடும். 2012-இல் லிங்க்ட்இன்னிலிருந்து கசிந்தவை சால்ட் (ஒவ்வொரு பாஸ்வேர்டோடும் தனித்தனியாகச் சேர்க்கும் தற்செயல் துணுக்கு) சேர்க்காத எஸ்எச்ஏ-1 ஹேஷ்கள். இரண்டு பேர் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தால் இருவருக்கும் ஒரே ஹேஷ், ஒன்றை உடைத்தால் மற்றதும் போச்சு.

ஆர்கான்2 ஐடி பயன்படுத்துங்கள். ஆர்கான்2 என்பது 2015-இல் பாஸ்வேர்டு ஹேஷிங் போட்டியில் வென்ற முறை. வேண்டுமென்றே மெதுவாக ஓடும், நினைவகத்தையும் தின்னும். மென்பொருள் பாதுகாப்புக்கு வழிகாட்டும் ஓவாஸ்ப் அமைப்பு சொல்லும் குறைந்தபட்ச அளவுகளில் ஒன்று 19 எம்பி நினைவகம், 2 சுற்று. உங்கள் கணினி தாங்கினால் கூட்டிக்கொள்ளுங்கள். சால்ட்டை ஆர்கான்2 நூலகமே (நீங்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்) தற்செயலாக உருவாக்கி, விடையோடு சேர்த்தே தரும். அதற்கு டேட்டாபேஸில் தனிப் பத்தி (காலம், column) வேண்டாம், வரும் சரத்தை அப்படியே சேமியுங்கள். லாகின் நேரத்தில் நூலகத்தின் சரிபார்ப்புச் செயலையே அழையுங்கள், நீங்களாக ஒப்பிட வேண்டாம்.

பழைய திட்டத்தில் பிகிரிப்ட் என்ற ஹேஷ் முறை இருந்தால் தமிழர்களுக்கென்றே ஒரு எச்சரிக்கை. அது முதல் 72 பைட்டை மட்டுமே பார்க்கும். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். 'வேலூர்' நமக்கு மூன்றெழுத்து, கணினிக்கு ஆறு குறி, 18 பைட். நான்கு முறை தட்டினால் 72 நிறைந்துவிடும். அதற்குப் பிறகு என்ன தட்டினாலும் சில நூலகங்கள் சத்தமில்லாமல் வெட்டிவிடும், சில பிழை காட்டும்.

படி 3: பாஸ்போர்ட் எண்ணைப் பூட்டுதல்

ஏஇஎஸ்-256 ஜிசிஎம் என்ற என்கிரிப்ஷன் முறை போதும். சாவி 32 பைட், இயங்குதளத்தின் தற்செயல் எண் உருவாக்கியிலிருந்து எடுங்கள். லாட்ஜ் பெயரையும் ஆண்டையும் சேர்த்து நீங்களே ஒன்றைத் தட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு பதிவுக்கும் 12 பைட் நான்ஸ் (ஒரே முறை பயன்படுத்தும் எண்) புதிதாக வேண்டும். ஒரே சாவியோடு அதே நான்ஸ் திரும்ப வந்தால் பாதுகாப்பு குலைந்துவிடும். நான்ஸ் ரகசியமில்லை, பதிவோடு சேர்த்தே வைக்கலாம். அப்புறம் எந்தச் சாவியால் பூட்டியது என்று ஒரு எண்ணையும் பத்தியில் போடுங்கள், நாளைக்குச் சாவி மாற்றும்போது உதவும்.

படி 4: சாவி எங்கே?

நிரலில் வேண்டாம், டேட்டாபேஸில் வேண்டாம், கிட்டில் (Git, நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) வேண்டவே வேண்டாம். கிட்டில் ஒருமுறை ஏறிய சாவியை அடுத்த கமிட்டில் (பதிவில்) அழித்தாலும் பழைய வரலாற்றில் அது இருக்கும். அப்படி நடந்தால் சாவியையே மாற்றி, தகவலை மறுபடி பூட்டுவதுதான் வழி.

சின்ன இடத்துக்கு இது போதும்: திட்ட ஃபோல்டருக்கு வெளியே ஒரு கோப்பு, மென்பொருள் ஓடும் பயனர் மட்டும் படிக்கும்படி 400 என்ற உரிமை. கணினியையே தூக்கிக்கொண்டு போனால் இது காப்பாற்றாது, அதனால் கணினியின் வட்டையும் (டிஸ்க்) என்கிரிப்ட் செய்யுங்கள். பல கிளைகள் இருந்தால் கிளவுடில் உள்ள கேஎம்எஸ் (சாவிகளைப் பாதுகாத்து நிர்வகிக்கும்) சேவைக்குப் போகலாம், அங்கே முதன்மைச் சாவி வெளியே வருவதே இல்லை.

சாவிக்கும் ஒரு நகல் வேண்டும், தொலைந்தால் எண்கள் நிரந்தரமாகப் போய்விடும். நகலை டேட்டாபேஸ் பேக்கப் இருக்கும் பென் டிரைவில் வைக்காதீர்கள். நான் வைத்தது லாட்ஜ் முதலாளி வீட்டு பீரோவில், உறையில் போட்டு ஒட்டி.

படி 5: சோதனை

பேக்கப்பை மட்டும் வேறொரு லேப்டாப்பில் திறந்து பாருங்கள். பாஸ்போர்ட் பத்தியில் புரியாத குப்பை தெரிய வேண்டும். பிறகு பீரோவில் இருக்கும் நகலைக் கொண்டுவந்து போடுங்கள், எண்கள் தெரிய வேண்டும். எனக்கு முதல் தடவை இரண்டாவது பாதி வேலை செய்யவில்லை. சாவியை நகலெடுத்தபோது கடைசியில் ஒரு வரிமுறிவு ஒட்டிக்கொண்டு, 32 பைட் 33 ஆகியிருந்தது.