பழைய நிசான் 240எஸ்எக்ஸ் காருக்கு டர்போ இன்ஜின்: செலவுத் திட்டம் போடும் முறை

அமெரிக்காவில் 1989 முதல் 1998 வரை விற்பனையான நிசான் 240எஸ்எக்ஸ் கார்கள் அனைத்திலும் 2.4 லிட்டர் கேஏ24 இன்ஜினே இருந்தது. 1991 முதல் வந்த கேஏ24டிஇ வகை 155 குதிரைத்திறன் தரும். ஜப்பானில் விற்கப்பட்ட இதன் உடன்பிறப்பான சில்வியாவுக்கோ 1991-இல் எஸ்ஆர்20டிஇடி என்னும் 1,998 சிசி டர்போ இன்ஜின் கிடைத்தது, அதன் திறன் 205. இரண்டும் ஒரே அடிக்கட்டில் உருவானவை என்பதால், ஜப்பானிய இன்ஜினை அமெரிக்கக் காரில் பொருத்துவது இன்று வெகுவாகப் பழகிப்போன வேலை. பழகிப்போன வேலை என்பதாலேயே செலவும் எளிதாக அடங்கிவிடும் என்று புதியவர்கள் எண்ணிவிடுகிறார்கள்.

பெரும்பாலோர் இன்ஜின் விலையை விசாரித்து, அதிலிருந்து கணக்கைத் தொடங்குகிறார்கள். நான் பரிந்துரைப்பது இதற்கு நேர் எதிரான வரிசை: மற்ற எல்லாவற்றுக்கும் பணம் ஒதுக்கிய பிறகு எஞ்சும் தொகையே இன்ஜினுக்கு உரியது.

முதற்படி: மாநிலச் சட்டம்

இதற்குச் செலவு இல்லை, ஆனால் மொத்தத் திட்டத்தையும் நிறுத்திவிடக்கூடியது இதுவே. கலிஃபோர்னியாவில் 1976 மாடல் முதலான பெட்ரோல் கார்களுக்குப் புகைப் பரிசோதனை உண்டு. மாற்றிப் பொருத்தும் இன்ஜின் காரின் ஆண்டினதாகவோ அதற்குப் பிந்தையதாகவோ இருப்பதோடு, சான்றளிக்கப்பட்ட வகையாகவும், தனக்குரிய எல்லாப் புகைக் கட்டுப்பாட்டு உறுப்புகளுடனும் இருக்க வேண்டும். எஸ்ஆர்20டிஇடி அமெரிக்கச் சந்தைக்கு வரவே இல்லை என்பதால் அங்கே இந்த மாற்றம் நடைமுறையில் தேறாது. வேறு மாநிலங்களில் விதி தளர்வாக இருக்கலாம். உங்கள் மாவட்டத்தில் பரிசோதனை எப்படி நடக்கிறது என்பதையும், மாற்றிய காரை உங்கள் காப்பீட்டு நிறுவனம் ஏற்குமா என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெற்ற பிறகே ஒரு டாலரையும் செலவிடுங்கள்.

இரண்டாம் படி: காரின் பழைய பாக்கி

முப்பது வயதை நெருங்கிய அல்லது தாண்டிய காரில் இன்ஜின் மட்டும் புதிதாக ஓடினால் போதாது. ஸ்ட்ரட் கோபுரங்கள் (சஸ்பென்ஷனின் மேல்முனை பொருந்தும் இடங்கள்), முன்புறச் சட்டங்கள் ஆகியவற்றில் துரு இருக்கிறதா என்று கீழே படுத்துப் பாருங்கள். துரு ஆழமாக இருந்தால் வேறு கார் தேடுவதே மலிவு. பிரேக் பேடுகள், ரப்பர் ஹோஸ்கள், சஸ்பென்ஷன் புஷ்கள், தேய்ந்த டயர்கள் ஆகியவற்றை இப்போதே பட்டியலிடுங்கள். பெரிய பிரேக்குகளுக்கு மாறுவது பின்னால் செய்யக்கூடியது. இருக்கும் பிரேக்குகள் முழுமையாகப் பிடிப்பது முன்னால் செய்தாக வேண்டியது.

மூன்றாம் படி: துணைப் பாகங்கள்

திட்டங்கள் உடைவது பெரும்பாலும் இங்கேதான். எஸ்ஆர் இன்ஜினைக் கேஏ கியர்பாக்ஸுடன் நேரடியாக இணைக்க முடியாது. எனவே கியர்பாக்ஸ் இன்ஜினோடு வருகிறதா என்பதே முதல் கேள்வி. அடுத்து டர்போ அழுத்தும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் அதன் குழாய்களும், டர்போவிலிருந்து இறங்கும் டவுன்பைப்பும், அதற்கேற்ற சைலன்சர் குழாயும், நல்ல ரேடியேட்டரும், அதிகப் பெட்ரோல் தரக்கூடிய பம்பும், புதிய கிளட்சும் வேண்டும். இவை எல்லோரும் எழுதிவைக்கும் பெரிய உருப்படிகள். எழுதாமல் விடப்படுபவை சிறியவை: கேஸ்கெட்டுகள், ஆயில் சீல்கள், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஸ்பார்க் பிளக்குகள், டர்போவுக்கு ஆயிலும் நீரும் கொண்டுசெல்லும் குழாய்கள், பவர் ஸ்டீயரிங் ஹோஸ், ஏசி குழாய்கள், கிளாம்புகள், ஆயில், கூலன்ட். ஒவ்வொன்றும் சில பத்து டாலர்தானே என்று தோன்றும். சேர்த்துப் பார்த்தால் டவுன்பைப்பையும் இன்டர்கூலரையும் நெருங்கிவிடும். பழைய சீல்களை இன்ஜின் வெளியே இருக்கும்போது மாற்றுவது அரை நாள் வேலை. பொருத்திய பிறகு கசிந்தால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டியிருக்கும் என்பதால், இங்கே மிச்சம் பிடிப்பது மிச்சமே ஆகாது.

வயரிங்குக்குத் தனி வரி ஒதுக்குங்கள். ஜப்பானிய இன்ஜினின் ஹார்னஸை, அதாவது வயர்த் தொகுப்பை, அமெரிக்கக் காரின் டாஷ்போர்டு இணைப்புகளோடு ஒட்டவைக்க வேண்டும். மின்வரைபடம் படிக்கத் தெரியாதவர் தயார்நிலை ஹார்னஸ் வாங்குவதே நல்லது. மேலும், ஜப்பானிய ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) அந்நாட்டின் 100 ஆர்ஓஎன் (ஆக்டேன் தர எண்) பெட்ரோலுக்காக அமைக்கப்பட்டது. அமெரிக்கப் பங்க்குகளில் கிடைக்கும் 91 அல்லது 93 எண் பிரீமியம் பெட்ரோல் (அங்கே எண் வேறு அளவுமுறையில் குறிக்கப்படுகிறது) அதைவிடச் சற்றுக் குறைந்த தரத்தது. ஆகவே டைனோவில் (இன்ஜின் திறனை அளக்கும் கருவியில்) ட்யூனிங் செய்யும் செலவையும், இனி எப்போதும் பிரீமியமே ஊற்ற வேண்டிய செலவையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

நான்காம் படி: கழித்துப் பார்த்தல்

உங்களிடம் 12,000 டாலர் இருப்பதாகவும், பொருத்தும் வேலையை நீங்களே செய்வதாகவும் கொள்வோம். எதிர்பாராதவற்றுக்கு 2,000 டாலரை ஒதுக்கீட்டு நிதியாகத் தொடாமல் வையுங்கள்; மீதி 10,000. காரின் பழைய பாக்கிக்கு 2,000 போக 8,000. துணைப் பாகங்கள், வயரிங், ட்யூனிங் எல்லாவற்றுக்கும் 3,500 போனால், இன்ஜினும் கியர்பாக்ஸும் அடங்கிய தொகுதிக்கு 4,500 மிஞ்சும். இந்த எண்கள் கணக்குப் போடும் விதத்தைக் காட்டவே. உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் அன்றைய விலையை நீங்களே கேட்டு எழுத வேண்டும். வேலையைப் பணிமனையிடம் விடுவதானால் கூலியை இன்ஜின் தொகையைத் தொடுவதற்கு முன்பே கழித்துவிடுங்கள்.

மிஞ்சும் தொகை போதவில்லையென்றால், ஒதுக்கீட்டு நிதியில் கைவைக்காதீர்கள். இருக்கும் கேஏ24டிஇ-க்கே டர்போ பொருத்துவது ஒரு மாற்றுவழி. அதன் பிளாக் வார்ப்பிரும்பு, கியர்பாக்ஸும் மவுண்டுகளும் மாற வேண்டியதில்லை. ஆனால் அதன் கம்ப்ரஷன் விகிதம் 9.5:1, எஸ்ஆருக்கு 8.5:1. ஆகவே பூஸ்டை (டர்போ தரும் காற்றழுத்தத்தை) குறைவாக வைத்து, ட்யூனிங்கைக் கவனமாகச் செய்தால்தான் அந்த வழி மலிவாக முடியும்.

ஐந்தாம் படி: இன்ஜின் வாங்குதல்

எஸ்ஆர்20டிஇடி என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. ப்ளூபேர்ட், பல்சர் ஜிடிஐ-ஆர் கார்களில் இதே பெயருள்ள இன்ஜின் குறுக்குவாக்கில் அமைந்தது. பின்சக்கர இயக்கக் காருக்கு அது நேரடியாகப் பொருந்தாது. சில்வியாவின் பிந்தைய தலைமுறைகளான எஸ்14, எஸ்15 கார்களிலிருந்து வருபவற்றில் இன்டேக் வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பு இருப்பதால் வயரிங் வேறுபடும். முதல்முறை செய்பவருக்கு அவற்றுக்கு முந்தைய எஸ்13 தலைமுறையின் வகையே சிக்கல் குறைந்தது. விற்பவரிடம் நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷன் அளவையும் கேளுங்கள். அளவு உயர்ந்திருப்பதைக் காட்டிலும் நான்கும் ஒன்றுக்கொன்று நெருங்கியிருப்பது முக்கியம். வால்வு கவரைத் திறந்து, வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர் ஆர்ம்களைப் பார்க்க அனுமதி கேளுங்கள், ஏனெனில் அளவு மீறிச் சுழற்றினால் அவை இடம் நழுவுவது இந்த இன்ஜினின் அறியப்பட்ட பலவீனம். தொகுதியில் ஈசியூ, ஹார்னஸ், காற்று அளவி, காயில்கள், டர்போ எல்லாம் உள்ளனவா என்று பில்லில் எழுதி வாங்குங்கள். மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

ஆறாம் படி: வாங்கும் வரிசை

எல்லாப் பாகங்களும் கைக்கு வரும்வரை ஓடிக்கொண்டிருக்கும் கேஏ இன்ஜினைக் கழற்றாதீர்கள். ஒரு ஹோஸுக்காகக் கார் வாரக்கணக்கில் நின்றால், வாடகைக் காருக்கும் அவசரக் கூரியருக்கும் போகும் பணம் எந்தப் பட்டியலிலும் இருக்காது. கழற்றிய கேஏ இன்ஜினையும் கியர்பாக்ஸையும் விற்று வரும் தொகையைத் திட்டத்தின் வரவாக எழுதிவைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அது கையில் வந்து சேர்ந்த பிறகு ஒதுக்கீட்டு நிதியோடு சேர்த்துக்கொள்ளுங்கள், அதற்கு முன் அதை எண்ணாதீர்கள்.