லினக்ஸ் கெர்னலில் விடுபட்ட டிரைவர் சார்பைச் சரிசெய்தல்

ஐ2சி (சில்லுகளை இணைக்கும் தொடர்வழித் தடம்) வழி இயங்கும் சென்சார் டிரைவரைக் கெர்னலில் சேர்த்த பின், கோப்புகள் யாவும் பிழையின்றித் தொகுக்கப்பட்டு, இறுதி இணைப்பின்போது மட்டும் ரெக்மேப் (சாதனப் பதிவகங்களை அணுக உதவும் கெர்னல் நூலகம்) தரும் ஐ2சி செயற்கூறு ஒன்றைக் குறித்து 'அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்' (வரையறை கிடைக்கவில்லை) என்ற பிழை எழுந்தால், குறை பெரும்பாலும் சி நிரலில் அன்று, கெர்னல் விருப்பங்களையும் அவற்றின் சார்புகளையும் குறிக்கும் கேகான்ஃபிக் கோப்பிலேயே இருக்கும். அச்செயற்கூறு வரையறுக்கப்பட்ட இடத்தை 'கிட் கிரெப்' என்ற தேடல் கட்டளை கொண்டு தேடினால் டிரைவர்ஸ்/பேஸ்/ரெக்மேப் கோப்புறைக்குச் சென்று சேர்வீர்கள். அங்குள்ள மேக்ஃபைல் (தொகுப்பு விதிகளைக் கொண்ட கோப்பு) அதை இயக்கும் கான்ஃபிக் விருப்பத்தின் பெயரைக் காட்டும்.

உங்கள் டிரைவரின் கேகான்ஃபிக் பதிவில், அமைப்பு மெனுவில் தோன்றாத அந்த ரெக்மேப் நூலகத்துக்கு, அதைத் தானாக இயக்கும் 'செலக்ட்' வரி பொருந்தும். ஐ2சி போன்ற முழுத் துணை அமைப்புக்கோ 'டிபென்ட்ஸ் ஆன்' (அது இயக்கப்பட்டிருந்தால் மட்டுமே டிரைவரைத் தேர்வு செய்யவிடும் வரி) என்றே எழுத வேண்டும். ஏனெனில், 'செலக்ட்' தான் இயக்கும் விருப்பத்தின் சார்புகளைச் சரிபார்ப்பதில்லை. அவசரத்தில் பலர் சறுக்கும் இடம் இதுதான். ஐ2சி 'எம்' (தனி மாட்யூல்) ஆக இருக்கையில் டிரைவர் 'ஒய்' (கெர்னலுக்குள்ளேயே சேர்ந்தது) ஆகிவிடாமலும் 'டிபென்ட்ஸ் ஆன்' வரி தடுக்கும். திருத்தியபின் அமைப்புக் கோப்பைப் புதுப்பிக்கும் 'மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்' கட்டளையை இயக்கி, மீண்டும் தொகுங்கள்.