காட்பாடி ரயிலும் கருத்தரங்க அட்டவணையும்

வேலூரில் எங்கள் கல்லூரிக் கருத்தரங்குக்கு 64 கட்டுரைகள், 4 அரங்குகள். அட்டவணை போட மூன்று இரவு எக்செல்லோடு மல்லுக்கட்டியும், ஒரே பேராசிரியர் ஒரே நேரத்தில் இரண்டு அரங்குகளில் தலைமை தாங்கிக்கொண்டிருந்தார்! சரி என்று பைத்தானில் கூகுளின் ஓஆர்-டூல்ஸை எடுத்தேன்; விதிகளைச் சொன்னால் அவற்றுக்குப் பொருந்தும் தீர்வைத் தேடித்தரும் இலவச மென்பொருள் அது. கட்டுரை, நேரம், அரங்கு என ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு 0/1 மாறி: அந்தக் கட்டுரை அந்த நேரத்தில் அந்த அரங்கில் என்றால் 1, இல்லையென்றால் 0. ஓட்டினால், ‘தீர்வு இல்லை’ என்றது. தப்பு என்னுடையதுதான். காட்பாடியில் மாலை ரயில் பிடிக்கிறவர்கள் அத்தனை பேரும் காலையிலேயே பேச வேண்டும் என்று கட்டாய விதி போட்டிருந்தேன். காலையில் அவ்வளவு இடமே கிடையாது. அதை, மீறினால் அபராதப் புள்ளி என்று தளர்த்தினேன். ஒரே தலைவர் ஒரே நேரத்தில் இரண்டு அரங்குகளில் இருக்கக் கூடாது என்ற விதி மட்டும் கட்டாயமாகவே இருந்தது. அப்புறம் சில நொடிகளில் அட்டவணை வந்துவிட்டது. இரண்டு பேர்தான் மதியத்துக்குத் தள்ளப்பட்டார்கள். அதில் ஒருவர் இன்னும் என்னைப் பார்த்தால் முறைக்கிறார்.