எடை குறைக்கும் ஊசி: எங்கே தவறுகிறோம்?

செமாகுளுடைட், டிர்ஸெபடைட் ஊசிகள் கொழுப்பைக் கரைப்பதில்லை. பசியைத்தான் அடக்குகின்றன, எடை குறைவது அதன் விளைவு. இது பிடிபடாததால்தான் பலரும் மருந்தோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

சாப்பிட்டதும் நம் குடலில் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கும். ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் கணையத்தை இன்சுலின் சுரக்கவைக்கும். இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்தும். மூளைக்கு ‘போதும்’ என்று தகவல் போகும். ஆனால் டிபிபி-4 என்ற நொதி சில நிமிடங்களில் அதைச் சிதைத்துவிடும். அந்த நொதியிடம் எளிதில் சிக்காமல், ரத்தத்திலுள்ள ஆல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு சுற்றும்படி செய்யப்பட்டதுதான் செமாகுளுடைட். உடலில் அதன் அளவு பாதியாகவே சுமார் ஒரு வாரம் ஆகும். டிர்ஸெபடைடுக்குச் சுமார் 5 நாள்; அது ஜிஐபி என்ற இன்னொரு ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

ஆக, போன வாரம் போட்டதில் பாதி உள்ளே இருக்கும்போதே இந்த வார ஊசி சேர்கிறது. மருந்து அளவு உடலில் நிலைப்படவே 4, 5 வாரம் பிடிக்கும். முதல் 4 வாரம் தரும் 0.25 மி.கி. செமாகுளுடைட் எடை குறைக்கத் தருவதே அல்ல, வயிறு பழகத் தருவது. டிர்ஸெபடைடில் அது 2.5 மி.கி. ‘ஒன்றும் தெரியவில்லையே’ என்று இரண்டாம் வாரமே அளவைக் கூட்டினால் குமட்டல், வாந்தி, பேதி என்று படுத்துவிடும். நீர்ச்சத்து குறைந்தால் சிறுநீரகமும் அடிவாங்கும். ஏற்கெனவே உள்ளே போன மருந்தைத் திரும்ப எடுக்க வழியில்லை, நாள்கணக்கில் அனுபவிக்கத்தான் வேண்டும். மறந்த ஊசிக்காக அடுத்த வாரம் இரண்டாகப் போடுவதும் இதே கதைதான். நாள் தவறினால் எத்தனை நாளுக்குள் போடலாம் என்பது மருந்துக்கு மருந்து மாறும்: ஓஸெம்பிக் என்ற பெயரில் வரும் செமாகுளுடைடுக்கு 5 நாள், மௌஞ்சாரோ என்ற பெயரில் வரும் டிர்ஸெபடைடுக்கு 4 நாள். அதையும் தாண்டிவிட்டால் அந்த வாரத்தை விட்டுவிட்டு வழக்கமான நாளில் போட வேண்டியதுதான்.

இன்னொரு குழப்பம், இதை இன்சுலின் என்று நினைப்பது. டைப் 1 சர்க்கரை நோயாளி இதை நம்பி இன்சுலினை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. சர்க்கரை ஏறியிருக்கும்போதுதான் இது இன்சுலினைத் தூண்டும் என்பதால், தனியாகப் போட்டால் தாழ்சர்க்கரை வருவது அரிது. ஆனால் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ கூட இருந்தால் கதை வேறு. அவற்றின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மருந்து அடைத்து வரும் ஊசிப் பேனா விஷயத்திலும் சறுக்கல்கள் உண்டு. ஓஸெம்பிக்கில் மருந்து அளவைக் காட்டும் கவுண்டர் 0 ஆனதும் ஊசியை உருவிவிடுகிறார்கள். அதன்பிறகு மெதுவாக 6 வரை எண்ணாவிட்டால் முழு அளவும் உள்ளே போகாது. ஊசியை மாட்டியபடியே மூடிவைத்தால் மருந்து கசியும். உறைந்துபோன பேனா உருகினாலும் குப்பைக்குத்தான். ஊசியை மாற்றினாலும் ஒரே பேனாவை இருவர் பயன்படுத்தக் கூடாது.

பசி போய்விட்டதே என்று நாள் முழுக்கப் பட்டினி கிடப்பது சாமர்த்தியம் என்று எனக்குத் தோன்றவில்லை. கொழுப்போடு தசையும் கரையும். கொஞ்சமாகச் சாப்பிட்டாலும் புரதம் இருக்க வேண்டும், எடை தூக்கும் பயிற்சியும் வேண்டும். பழைய அளவில் தட்டை நிரப்பிச் சாப்பிடுவதும் ஆகாது. உணவு மெதுவாக இறங்குவதால் வயிறு அடைத்துக்கொள்ளும்.

இலக்கு எடை வந்ததும் தாமாக நிறுத்துகிறவர்கள் பலர். 2.4 மி.கி. செமாகுளுடைடை வைத்து நடந்த ஸ்டெப் 1 ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது. நிறுத்திய ஓராண்டில் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது.

கர்ப்பம் தரிக்கத் திட்டமிட்டால் குறைந்தது 2 மாதம் முன்பே செமாகுளுடைடை நிறுத்த வேண்டும். டிர்ஸெபடைட் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கலாம். குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகை தைராய்டு புற்றுநோய் இருந்ததா, கணைய அழற்சி வந்ததுண்டா, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறதா என்பதையெல்லாம் மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மேல்வயிற்றில் கடும் வலி வந்து முதுகுக்குப் பரவினால் அடுத்த ஊசியைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.