நைஃபை சேர்வரை மறுதொடக்கம் செய்யுமுன்

கல்லடியில் எங்கள் சிறிய அலுவலகத்தில் மூன்று நைஃபை சேர்வர்கள் ஒரே குழுவாக இணைந்து ஓடுகின்றன. நைஃபை என்பது தரவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தும் மென்பொருள். அதன் அமைப்புகள் இருக்கும் நைஃபை.புரொப்பர்டீஸ் கோப்பில் செய்யும் மாற்றம் மறுதொடக்கத்துக்குப் பிறகுதான் எடுபடும். மற்றச் சேர்வர்களுக்குத் தானாகப் போகாது, ஒவ்வொன்றிலும் கையால் மாற்ற வேண்டும்.

மூன்றையும் ஒன்றாக நிறுத்தாதீர்கள். ஒன்றை மட்டும் குழுவிலிருந்து துண்டித்து, 'ஆஃப்லோட்' கொடுங்கள். வரிசையில் நிற்கும் தரவு மற்ற இரண்டுக்கும் நகர்ந்துவிடும். மறுதொடக்கம் முடிந்து அது திரும்பவும் இணைந்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

நைஃபை தொடங்குவதையும் நிற்பதையும் கட்டுப்படுத்தும் பூட்ஸ்ட்ராப் கோப்பையும் பாருங்கள். நிறுத்துவதற்கான அவகாசம் இயல்பாக 20 விநாடிதான். அதற்குள் அடங்காவிட்டால் வலுக்கட்டாயமாக நிறுத்தப்படும். நான் 60 ஆக்கியிருக்கிறேன்.

பழைய கோப்பைத் திகதியிட்டுப் பிரதி எடுத்து வைப்பதும் என் வழக்கம். ஒருமுறை போர்ட் எண்ணில் ஓர் இலக்கம் தவறிப்போய், மத்தியானச் சோறும் மீன்குழம்பும் மேசையிலேயே ஆறிப்போயின.