பொட்டு மட்டும் வைத்தால் பம்ப் ஓடாது: மழைக்கு முன்னால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆயுத பூஜை அன்று எங்கள் தெருவில் ஆட்டோ, மீன்பாடி வண்டி, தையல் மிஷின், அயர்ன் பெட்டி என்று எதுவும் பொட்டுக்குத் தப்பாது. அந்த வரிசையில் மாடிப்படிக்குக் கீழே கிடக்கும், வெள்ளத் தண்ணீர் இறைக்க வாங்கிய பழைய பெட்ரோல் இன்ஜின் பம்ப்புக்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. அப்புறம் சாக்கைப் போட்டு மறுபடி மூடிவிடுவோம், ஸ்டார்ட் செய்யும் கயிற்றை ஒருதரம் இழுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது. சென்னை வியாசர்பாடியில் முட்டிவரை தண்ணீர் ஏறிய ராத்திரியில்தான் இது ஓடுமா ஓடாதா என்ற கேள்வியே வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நான் அப்படித்தான் தோள்பட்டை கழன்றுவிடும்போல ஒரு மணி நேரம் இழுத்தேன். பம்ப் இருமக்கூட இல்லை.

மழை நின்றபிறகு காசிமேட்டில் ஃபைபர் போட் இன்ஜின் பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் தூக்கிப் போனேன். டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி, "இது எந்த வருசத்துப் பெட்ரோல்ணே?" எனக்குப் பதில் தெரியவில்லை. இந்த மாதிரி இன்ஜின் வருடத்துக்கு இரண்டு நாள்தான் ஓடுகிறது, ஓடித் தேய வாய்ப்பே கிடையாது. மீதி நாள் சும்மா கிடப்பதில்தான் எல்லாம் கெடுகிறது.

ஆக முதல் தவறு, பழைய பெட்ரோலை அப்படியே விட்டுவைப்பது. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், கடலோரத்தில் ஈரத்துக்கா பஞ்சம், மாதக்கணக்கில் கிடந்தால் அந்தத் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். மேலே நல்ல பெட்ரோலாகத் தெரியும், ஆனால் குழாய் எடுப்பது அடியிலிருந்துதானே. பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்பரேட்டரின் கிண்ணத்தில் நின்றது மெல்ல ஆவியாகி, பிசின் மாதிரி ஒன்றை, பெட்ரோல் பாயும் ஜெட் துளையில் விட்டுப்போகும். அந்தத் துளை ஊசி முனை அளவுதான் இருக்கும், அதில் கொஞ்சம் அடைத்தாலும் இன்ஜின் எழுந்திருக்காது. பழையதை மொத்தமாக வடித்துவிடுங்கள், கிண்ணத்துக்கு அடியில் ஒரு சின்ன போல்ட் இருக்கும், அதைத் தளர்த்தி அங்கே நிற்பதையும் வடியுங்கள். பழைய பெட்ரோலோடு புதியதைக் கலந்து ஒப்பேற்றும் சிக்கனம் வேண்டாம். வடித்ததைச் சாக்கடையில் கொட்டவும் வேண்டாம், எங்கள் தெருவில் பீடியை அங்கேதான் போடுகிறார்கள்.

ஜெட் அடைத்திருந்தால் குண்டூசியால் குத்துவார்கள். நானும் குத்தியிருக்கிறேன். ஜெட் பித்தளை, ஊசி எஃகு, துளை ஒரு இழை பெரிதானாலும் பெட்ரோல் அதிகமாக இறங்கிக் கரும்புகை கக்கும், அதன்பிறகு எதைத் திருகினாலும் சரியாகாது. கார்பரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மின்வயரிலிருந்து ஒரே ஒரு செம்புக் கம்பியை உருவி மெதுவாக நுழையுங்கள். அப்படியே பெட்ரோல் வரும் ரப்பர் குழாயை விரலால் வளைத்துப் பாருங்கள், வெடிப்போ உப்பலோ தெரிந்தால் மாற்றிவிடலாம், பழைய ரப்பருக்கும் எத்தனாலுக்கும் ஆகாது.

மண்ணெண்ணெயில் ஓடும் பழைய மாடல் வைத்திருப்பவர்கள் இன்னொரு தவறு செய்வார்கள். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது எல்லோருக்கும் தெரியும். நிறுத்தும்போது மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிச் சில நிமிடம் ஓடவிட வேண்டும் என்பதுதான் மறந்துபோகும். அப்படிச் செய்யாவிட்டால் கார்பரேட்டரில் மண்ணெண்ணெய் நிற்கும், அடுத்தமுறை குளிர்ந்த இன்ஜினில் அது பற்றாது.

ஆயில் விஷயத்தில் பழைய ஸ்கூட்டர் பழக்கம் இன்னும் நம்மை விடவில்லை. பெட்ரோலில் டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான 2டி ஆயிலைக் கலந்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆயிலுக்கென்று தனி மூடி இருந்தால் அது ஃபோர் ஸ்ட்ரோக், பெட்ரோலில் எதையும் கலக்கத் தேவையில்லை. இரண்டு இஞ்ச் பம்ப்பில் வரும் இன்ஜின்கள் பலவற்றுக்கு 600 மில்லிதான் ஆயில், பொதுவாக 10டபிள்யூ-30 ரகம். அளவைச் சமதரையில் வைத்துப் பாருங்கள், சாய்ந்த வாசல்படியில் வைத்துப் பார்த்துவிட்டு நிறைய இருக்கிறது என்று நம்பினால் பிரச்சனைதான். ஆயில் குறைந்தால் இன்ஜினைத் தானாக நிறுத்திவிடும் சென்சார் பல மாடல்களில் உண்டு, அந்த நிலைமையில் ஸ்பார்க் பிளக்கில் நெருப்பே வராது, நீங்கள் பிளக்கை நாலுதடவை மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

ஆயில் பால் ஊற்றிய டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். எங்கள் பக்கம் இது சகஜம், காரணம் தண்ணீர் இறைக்க வாங்கிய பம்ப்பைத் தரைத்தளத்தில் வைத்து அதையே முதலில் முழுகவிடுவோம். முழுகின இன்ஜினின் கயிற்றை அப்படியே பலம்கொண்டு இழுக்காதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் நின்றால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, எதையாவது வளைத்துவிடும். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கயிற்றை இழுத்தால் தண்ணீர் அந்தத் துளை வழியாகப் பீய்ச்சி வெளியே வரும். பெட்ரோலையும் ஆயிலையும் வடித்துப் புதிது ஊற்றி, சிறிது நேரம் ஓடவிட்டு, அந்தப் புது ஆயிலையும் மாற்ற வேண்டும். காசு போகிறதே என்றிருக்கும், ஆனால் உள்ளே துரு பிடித்தால் ஆகும் செலவு இதைவிடப் பலமடங்கு.

பிளக்கைக் கழற்றித் துடைத்து, இடைவெளி 0.7லிருந்து 0.8 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா பாருங்கள், முனை தேய்ந்திருந்தால் புதிது போடுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. நெருப்பு வருகிறதா என்று சோதிக்கும்போது பிளக்கைத் துளைக்குப் பக்கத்திலேயே வைக்காதீர்கள், அங்கிருந்து பெட்ரோல் ஆவி வரும்.

ஏர் ஃபில்டரைப் பெட்ரோலில் அலசுவதும் தவறுதான். பஞ்சு ஃபில்டர் என்றால் சோப்புத் தண்ணீரில் கசக்கி, நிழலில் காயவைத்து, சில சொட்டு இன்ஜின் ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டினால் போதும். அதைக் கழற்றும்போது உள்ளே எலி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், எங்கள் பம்ப்பில் பிளக் வயரைப் பெருச்சாளி பாதி தின்றிருந்தது, சைலன்சர் வாயில் குளவி மண்ணால் வீடு கட்டியிருந்தது. அந்தச் சைலன்சர் அடைப்பைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

இவ்வளவும் இன்ஜின் பக்கம். இன்ஜின் நன்றாக ஓடியும் தண்ணீர் வராத கதைதான் இன்னும் அதிகம். தண்ணீர் ஊற்றாமல் பம்ப்பை ஓட்டிப் பார்ப்பவர்களிடம் எனக்குப் பொறுமையே கிடையாது, "சும்மா ஒரு நிமிஷம்தானே" என்பார்கள். உள்ளே தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் தண்ணீரில்தான் குளிர்ச்சி பெறுகிறது, வறண்டு ஓடினால் சூடேறிக் கருகி, அப்புறம் இன்ஜினுக்கும் பம்ப்புக்கும் இடையில் சொட்டத் தொடங்கும். மேலே உள்ள மூடியைத் திறந்து வாய்வரை தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் கயிற்றில் கை வைக்க வேண்டும்.

தண்ணீரை உறிஞ்சும் சக்ஷன் குழாயில் மயிரிழை விரிசல் இருந்தாலும் ஏர் பிடிக்கும், பம்ப் கத்தும், தண்ணீர் ஏறாது. இணைப்பில் இருக்கும் ரப்பர் வாஷர் ஒரு வருடத்தில் காய்ந்து அப்பளமாகியிருக்கும், அதை மாற்றுங்கள். தண்ணீரை வெளியே தள்ளும் டெலிவரிக்குப் போடும் சப்பை ஹோஸைச் சக்ஷனில் மாட்டினால் உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும், அங்கே கெட்டியான சுருள் குழாய்தான் வேண்டும். நம் வெள்ளத்தில் தண்ணீரைவிடக் கேரி பேக் அதிகம் என்பதால் குழாய் முனையில் குப்பையைத் தடுக்கும் ஸ்ட்ரெய்னரை ஓட்டைகள் போட்ட பழைய பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள் இறக்கிவிடுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குனிந்து குப்பை எடுக்கும் வேலை மிச்சம். கால்வாய் ஓரத்தில், கழிமுகத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் உப்புத் தண்ணீர் இறைத்திருந்தால் கடைசியில் ஒரு டிரம் நல்ல தண்ணீரை ஓடவிட்டுத்தான் மூடி வைக்க வேண்டும்.

எங்கே இறைத்துக் கொட்டுவது என்பதையும் முன்கூட்டியே யோசியுங்கள். பக்கிங்ஹாம் கால்வாய் நிரம்பி, கடலும் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் தெருத் தண்ணீர் எங்கேயும் போகாது. வாசலில் கொட்டியது உங்கள் வீட்டுக்கே திரும்பும், அல்லது எதிர்வீட்டுக்குப் போய்ச் சண்டை வரும். தெருவில் மட்டம் இறங்கும்வரை பம்ப்பை நிறுத்திவைப்பதே மேல்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மழை பெய்கிறதே என்று பம்ப்பை வீட்டுக்குள்ளேயோ, நடையிலேயோ, ஜன்னலுக்கு அடியிலேயோ வைத்து ஓட்டாதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையோ நிறமோ இல்லை, ஆளை மயக்கிக் கொன்றுவிடும். சூடான இன்ஜினில் பெட்ரோல் ஊற்றுவதும் அதே அளவு மோசம், நிறுத்தி, ஆறவிட்டு ஊற்றுங்கள்.

நான் இப்போது ஆயுத பூஜைக்கு மறுநாள், விஜயதசமி காலையில், இரண்டு டிரம் நடுவே பம்ப்பை வைத்து அரைமணி நேரம் ஓட்டிப் பார்க்கிறேன். முடிந்ததும் பெட்ரோல் குழாயை மூடி, கார்பரேட்டரில் இருப்பது தீர்ந்து இன்ஜின் தானாக நிற்கும்வரை காத்திருந்து, டேங்கையும் வடித்துவிடுவேன். பம்ப் மாடிப்படி திரும்பும் இடத்துக்கு ஏறிவிட்டது. போகிறவர் வருகிறவர் காலிலெல்லாம் இடிக்கிறது, வீட்டில் தினம் திட்டு விழுகிறது. தை பிறக்கும்வரை இறக்குவதாக இல்லை.