ஞானப்பல் எடுக்கப் போகிறவர்களுக்கு: முதல் நாளிலிருந்து தையல் பிரிக்கும் வரை

களியக்காவிளைப் பக்கம் சிலர் மார்த்தாண்டத்தில் எடுப்பார்கள், சிலர் எல்லை தாண்டித் திருவனந்தபுரம் போவார்கள். எங்கே எடுத்தாலும் நடப்பது ஒன்றுதான்.

முதலில் ஓபிஜி எக்ஸ்ரே, அதாவது இரண்டு தாடையும் எல்லாப் பற்களும் ஒரே படத்தில் தெரியும் எக்ஸ்ரே. கீழ்ப் பல்லின் வேர் தாடை நரம்புக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று அதில் தெரியும். சுகர், பிரஷர், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை எதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம் மரத்துப்போக ஊசி. வலி பெரும்பாலும் அந்த ஊசியோடு சரி. ஈறைக் கீறி, தேவைப்பட்டால் கொஞ்சம் எலும்பை நீக்கி, பல்லைத் துண்டாக்கி எடுக்கும்போது அழுத்தமும் கடகட சத்தமும் தலைக்குள்ளேயே கேட்கும், பயந்துவிடாதீர்கள். வலித்தால் கையைத் தூக்குங்கள், இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள்.

இனிமேல்தான் கவனம் முழுக்க வேண்டும். பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து மூடிக்கொள்ளும், அது பெயர்ந்துவிட்டால் எலும்பு வெளியே தெரிந்து மூன்றாம் நான்காம் நாளில் காது வரைக்கும் குத்தும் வலி வரும். அதனால் வைத்துவிட்ட பஞ்சை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் கடித்திருங்கள், எச்சிலை விழுங்குங்கள், பஸ் ஜன்னல் வழியாகத் துப்பவே கூடாது. இளநீர் குடிக்கலாம், ஆனால் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாமல் டம்ளரில் ஊற்றி. பீடி, சிகரெட், வெற்றிலை ஒரு வாரத்துக்காவது வேண்டாம்.

மரப்பு போன பிறகு சாப்பிடுங்கள், இல்லையென்றால் உதட்டைக் கடித்துக்கொள்வீர்கள். ஆறிய கஞ்சி, அவித்து மசித்த ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்) போதும். ஹோட்டலில் சூடாக வைக்கும் பதிமுக வெள்ளம் (பதிமுகக் கட்டை போட்டுக் கொதிக்கவைத்த குடிதண்ணீர்) அன்றைக்கு வேண்டாம். சூடு ரத்தக்கசிவைக் கிளப்பும், அதன் சிவப்பு நிறத்தில் ரத்தம் வருகிறதா என்பதும் தெரியாது.

முதல் நாள் கன்னத்தில் ஐஸ் ஒத்தடம். இரண்டாம் மூன்றாம் நாள் வீக்கம் கூடும், வாய் சரியாகத் திறக்காது, இது வழக்கமானதுதான். ஒரு நாள் கழிந்த பிறகு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்து மெதுவாகச் சாய்த்து விடுங்கள், வேகமாகக் கொப்பளிக்காதீர்கள்.

பஞ்சைக் கடித்தும் ரத்தம் நிற்கவில்லை, காய்ச்சல், துர்நாற்றம், குறைந்துவந்த வலி திரும்பக் கூடுகிறது என்றால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். மூச்சோ விழுங்குவதோ கஷ்டமானால் நேராக அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். இல்லையென்றால் ஏழு நாள் வாக்கில் தையல் பிரிக்கப் போனால் போதும், தானாகக் கரையும் நூல் என்றால் அதுவும் வேண்டாம்.